பக்கத்து வீடு தூங்கட்டும்: இரவில் பழக ஓர் உகுலேலே வாங்குவது எப்படி

“தம்பி, ராத்திரி தகரத்தை வச்சு என்ன தட்டிக்கிட்டு இருக்கீங்க?”

பக்கத்து வீட்டு மதினி இப்படிக் கேட்டபோது நான் உகுலேலே வாங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தகரமெல்லாம் இல்லை மதினி, சின்னக் கிட்டார் மாதிரி ஒன்று என்று சொல்லி, உள்ளே போய் எடுத்து வந்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தனூண்டு பொட்டியில இருந்தா அம்புட்டுச் சத்தம்?” என்றார்.

நாங்கள் இருப்பது சிம்மக்கல் பக்கம் ஒரு காம்பவுண்டு. நடுவில் முற்றம், சுற்றி ஆறு வீடு, வீட்டுக்கு வீடு ஒரே சுவர். மதினியின் வீட்டுக்காரர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவர். இரவு எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். நான் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கருவியைக் கையில் எடுக்கும் நேரமும் அந்த எட்டரைதான். மதுரையைத் தூங்கா நகரம் என்பது கடைத்தெருவுக்குச் சரி. எங்கள் காம்பவுண்டுக்குப் பொருந்தாது.

அந்த முதல் உகுலேலேயை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், சின்னதாக இருந்தால் சத்தமும் சின்னதாக இருக்கும் என்ற நினைப்பு. தப்பான நினைப்பு. அதற்கப்புறம் இன்னொன்று வாங்கி, சில்லறைச் சோதனைகள் பல செய்து, இப்போது அதே அறையில் அதே நேரத்தில் வாசிக்கிறேன். அண்ணன் நிம்மதியாகத் தூங்குகிறார். புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊமைக் கருவியைத் தேடாதீர்கள். குரல் நன்றாக உள்ள ஒன்றை வாங்கி, இரவில் அதன் வாயைப் பொத்தக் கற்றுக்கொள்ளுங்கள். பொத்திய வாயைப் பகலில் திறந்துவிடலாம். குரலே இல்லாததைத் திறந்து என்ன பயன்?

முதலில் வீட்டைச் சோதியுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு நாள் இரவு இதைச் செய்து பாருங்கள். ஃபோனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, யார் தூக்கம் கெடுமோ என்று பயப்படுகிறீர்களோ அவர்கள் பக்கமாக வையுங்கள். மாடிப்படியில், முற்றத்தில், பொதுச் சுவருக்கு வெளியே, எங்கே முடியுமோ அங்கே. பிறகு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் சாதாரணமாகப் பேசுங்கள், ஒரு நிமிடம் பாடுங்கள், ஒரு நிமிடம் காலால் தாளம் போடுங்கள். உகுலேலேயை விரல் சதையால் மெல்ல மீட்டினால் எழும் சத்தம் ஏறத்தாழ இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் அளவுதான். ஆகவே உங்கள் பேச்சு வெளியே கேட்கிறதா என்று பார்த்தாலே போதும்.

நான் இதைக் கருவியோடேயே செய்து பார்த்தேன். பதிவில் முதலிடம் என் காலுக்கு. வலது குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசிக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. தரை வழியாகப் போகும் அதிர்வைக் கதவும் சுவரும் தடுப்பதில்லை. மாடியில் குடியிருந்தால் கீழ்வீட்டுக்காரருக்கு அது நேராக மண்டையில் இறங்கும். இரண்டாமிடம் என் பாட்டுக்கு. கருவி மூன்றாவதுதான். மதினி பாவம், என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சத்தம் வெளியேறும் பெரிய வழி சுவர் இல்லை, ஜன்னல். மார்ச் பிறந்தால் இந்த ஊரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது. அதனால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கருவியின் வாய் அறைக்குள் பார்க்கட்டும். மெத்தை, தலையணை, கொடியில் தொங்கும் துணிகள் இருக்கும் மூலை நல்லது. வெறும் சுவர்கள் சந்திக்கும் மூலையில் சத்தம் பெருகும். ஸ்டீல் பீரோவை ஒட்டி உட்காரவே வேண்டாம், குறிப்பிட்ட ஒரு சுரம் விழுந்தால் அதன் கைப்பிடி கூடவே கிடுகிடுக்கும். சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் அதன் இரைச்சல் பாதியை மூடிவிடும். ஆனால் கரண்ட் போன மறுநொடி ஊரே காதாகிவிடும், அப்போது சட்டென்று நிறுத்துங்கள்.

சட்டமும் ஒரு வார்த்தை சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபெல், பகலில் 55. எனக்கு அண்ணனின் எட்டரைதான் சட்டம். உங்கள் காம்பவுண்டிலும் பத்து மணிக்காகக் காத்திருக்காத ஒருவர் இருப்பார், அவர் யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவராகவும் இருக்கலாம்.

எந்த அளவு?

கடையில் ‘யூகலேலி’ என்று கேட்டால் எளிதாகப் புரியும். ஹவாய்க்காரர்கள் சொல்வது உகுலேலே. தத்திக் குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1879-இல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போனவர்களோடு போய்ச்சேர்ந்த ஒரு நாலு தந்திக் கருவி அங்கே உருமாறிப் பிறந்தது இது. மதீராவுக்கும் மதுரைக்கும் ஓசையைத் தவிர வேறு உறவில்லை.

நாலு அளவு உண்டு. தலை முதல் வால் வரை சோப்ரானோ 21 இஞ்ச், கான்செர்ட் 23 அல்லது 24, டெனர் 26, பாரிடோன் 30. கடைக்காரர்கள் பெயரைவிட இஞ்ச் கணக்கில்தான் பேசுவார்கள். தந்தி அதிரும் நீளம் சோப்ரானோவில் சுமார் 35 சென்டிமீட்டர், கான்செர்ட்டில் 38, டெனரில் 43.

இதில்தான் நான் ஏமாந்தேன். சோப்ரானோவின் பெட்டி சின்னது, சரி. ஆனால் அதன் சத்தம் குறுகலானது, கூர்மையானது. மீட்டினால் ‘சட் சட்’டென்று முன்னால் பாயும். அந்தக் கூர்மையைச் செங்கல் சுவர் நன்றாகவே தடுத்துவிடும். திறந்த ஜன்னலையும் கதவிடுக்கையும் ஒன்றும் செய்யாது. மதினி கேட்ட தகரம் ஜன்னல் வழியாகப் போனது. டெனருக்குப் பெட்டி பெரிது, கீழ்ச்சத்தம் அதிகம், ஒலி நீண்டு நிற்கும். கீழ்ச்சத்தத்தைச் சுவரால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கேட்காமல் ‘தும் தும்’ மட்டும் நம் வீட்டுக்கு வருகிறதே, அதே கதைதான்.

ஒட்டுச்சுவர் வீட்டில் பழகப் புதியவருக்கு என் சிபாரிசு கான்செர்ட். பெரியவர்களின் விரலுக்கு இடம் போதும், சோப்ரானோவின் கூர்மையும் டெனரின் முழக்கமும் இல்லை. விரல் நெருக்கடி இல்லாவிட்டால் தந்தியை முரட்டுத்தனமாக அழுத்தவோ அடிக்கவோ தோன்றாது. சத்தம் குறைய அதுவும் ஒரு காரணம். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கென்றால் சோப்ரானோவே வாங்கிக்கொடுங்கள். பாரிடோனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதன் சுருதி அமைப்பே வேறு, கிட்டாரின் கடைசி நாலு தந்தி மாதிரி.

மரமும் பலகையும்

தந்தி மட்டும் அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. காற்றை அசைப்பது மேல் பலகைதான். முழு மரத்தில் சீவிய பலகை என்றால் குரல் திறந்து வரும். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் பலகை கொஞ்சம் விறைப்பு, அதனால் கொஞ்சம் அடக்கம். ஸ்ப்ரூஸ் மரம் பளிச்சென்று ஒலிக்கும், மகோகனி மிருதுவாக, வட்டமாக ஒலிக்கும். ‘கோவா’ என்று கடைக்காரர் சொன்னால் அது ஹவாய் மரம், ஊரின் பெயர் இல்லை.

நமக்கு வேண்டியது மகோகனி லேமினேட். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மதுரை வெயிலில் முழுமரப் பலகை உலர்ந்து சுருங்கும், கவனம் தப்பினால் விரிசல் விடும். லேமினேட் அவ்வளவு எளிதில் அசையாது. சில ‘சாலிட் டாப்’ கருவிகளின், அதாவது மேல் பலகை முழுமரமாக உள்ளவற்றின், குரல் அருமை என்பது உண்மைதான். அது இரண்டாவது கருவியாக வரட்டும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் செய்ததும் கிடைக்கிறது. வெயில், மழை, பையன்கள் எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் சில மாடல்களின் குரல் சற்று மூக்கடைத்ததுபோல் இருக்கும். கேட்டுப் பார்த்து எடுங்கள்.

விலை? இதை எழுதும்போது, பையும் சேர்த்து மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குள் பழகத் தகுந்த கான்செர்ட் கிடைக்கிறது. ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரும் வண்ணமடித்தவை பெரும்பாலும் பொம்மை. என் முதல் கருவியும் அந்த ரகம், படம் பார்த்து ஆர்டர் போட்டது. ஒரு மாதம் முழுக்க என் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காது சரியாகத்தான் இருந்தது, ஃப்ரெட்டுகள்தான், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான், இடம் மாறி இருந்தன.

கடையில் கால் மணி நேரம்

மிருதங்கம், ஆர்மோனியம், கீபோர்டு வரிசைக்கு மேலே ஆணியில் இரண்டு மூன்று உகுலேலே தொங்கும். கீழே இறக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். வாசிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனைகள் இவை.

முதலில் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாக நாலு தந்திக்கும் ஜி, ஸி, ஈ, ஏ என்று பெயர். நம் கணக்கில் ஐந்து கட்டை, ஒரு கட்டை, மூன்று கட்டை, ஆறு கட்டை. ஒரு கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டால் தந்திகள் ப, ஸ, க, த என்று பேசும். இதில் ஒரு வேடிக்கை: மேலே இருக்கிற ப தந்தி, அதற்குக் கீழே உள்ள ஸ-வைவிட உயர்ந்து ஒலிக்கும். வீணையோ கிட்டாரோ பழகியவருக்கு முதலில் இது தலைகீழாகத் தோன்றும். கடையில் ‘லோ ஜி’, அதாவது கீழ்ஸ்தாயி ப தந்தி, வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கனத்த தந்தியின் கீழ்ச்சத்தம் சுவரைத் தாண்டும், சுற்றுக்கம்பி வகையாக இருந்தால் விரல் நகரும்போது கீச்சென்று வேறு கத்தும்.

சுருதி சேர்ந்ததும் ஃப்ரெட் சோதனை. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் ஃப்ரெட். க தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள், அப்புறம் ப தந்தியைச் சும்மா மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். ஸ தந்தியின் நாலாவது ஃப்ரெட்டும் க தந்தியும் ஒன்று. க தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டும் த தந்தியும் ஒன்று. ஃபோனில் சுருதி காட்டும் ட்யூனர் செயலி இருந்தால் ஒவ்வொரு தந்தியையும் சும்மா ஒருமுறை, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒருமுறை மீட்டிப் பாருங்கள். அதே எழுத்து, முள் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்க வேண்டும். முள் நன்றாக விலகி ஓடினால் கருவியை ஆணிக்கே திருப்பி அனுப்புங்கள். பேரம் பேசி வாங்கும் குறை இல்லை அது.

பிறகு தந்தியின் உயரம். இதற்கு என்னிடம் ஒரு நாட்டு வைத்தியம் இருக்கிறது. ஏ.டி.எம். கார்டு ஒன்றின் தடிமன் சுமார் 0.76 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே மூன்று கார்டை அடுக்கி நுழையுங்கள். உரசிக்கொண்டு நுழைந்தால் நல்லது. நாலு கார்டும் தாராளமாக ஆடினால் தந்தி உயரம், அழுத்த விரல் வலிக்கும். வலிக்கிற கையால் மெல்ல வாசிக்க முடியாது. இரண்டே கார்டுக்கு இடமில்லை என்றால் தந்தி ஃப்ரெட்டில் உரசி ‘ஸ்ர்ர்’ என்று இரையும். நான் கார்டுகளை அடுக்கியபோது கடைக்காரர் பணம் கட்டத்தான் எடுக்கிறேன் என்று நினைத்து மெஷினை நீட்டினார்.

அடுத்து, ஃப்ரெட்டுகளின் ஓரத்தை விரலால் தடவுங்கள். கோடையில் கழுத்து மரம் சுருங்கினால் உலோக முனைகள் வெளியே துருத்தும். லேசாக என்றால் நுண்ணிய அரம் கொண்டு தேய்த்துத் தரச் சொல்லலாம். கையைக் கீறுகிறது என்றால் வேண்டாம். தந்தியை முறுக்கும் பிருடைகளில் பல்சக்கரம் வைத்ததாகப் பாருங்கள், வெறும் உராய்வில் நிற்பவை புதியவர் பொறுமையைச் சோதிக்கும்.

கடைசியாகத்தான் சத்தம். கருவியை வயிற்றோடு அணைத்து ஒருமுறை, வயிற்றை விட்டு விலக்கி ஒருமுறை மீட்டுங்கள். பின்பலகை உடம்பில் பட்டால் சத்தம் உடனே அடங்கும். சோதனையில் தேறிய ஒவ்வொரு கருவிக்கும் இதைச் செய்து, மெல்ல மீட்டும்போதும் சுரம் தெளிவாக இருப்பது எது என்று கேளுங்கள். ஓங்கி அடித்தால் எல்லாம் நன்றாகத்தான் ஒலிக்கும். இரவு வாசிப்புக்கு வேண்டியது முணுமுணுத்தாலும் சொல் புரிகிற கருவி.

ஹெட்போன் ஆசை

பெட்டியே இல்லாத, கட்டை உடம்பு எலெக்ட்ரிக் உகுலேலேயும் உண்டு. வெளியே தந்தியின் முனகல் மட்டும் கேட்கும், முழுச் சத்தம் ஹெட்போனில். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் ஊரில் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைப்பது அரிது, விலையும் கூட, அடாப்டர், வயர் என்று பின்னால் ஒரு குடும்பமே வரும். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னால் வாசிக்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரைத் தேட வேண்டும்.

சாதாரண உகுலேலேயிலேயே, ஒலியை வயர் வழியாக வெளியே அனுப்பும் அமைப்பு பொருத்தியதை ‘ஈக்யூ வச்சது’ என்று ஆயிரம் ரூபாய் கூட்டிச் சொல்வார்கள். அது மேடைக்கு. ஸ்பீக்கரோடு இணைக்க உதவும். மீட்டும்போது கருவியின் சொந்தச் சத்தம் ஒரு துளியும் குறையாது. அதன் வயர் செருகும் துளையில் ஹெட்போனை நேராகச் செருகினாலும் பெரும்பாலும் ஒழுங்காகக் கேட்காது, நடுவில் ஒலியைப் பெருக்கித் தரும் ஹெட்போன் ஆம்ப் ஒன்று வேண்டும். புளூடூத் ஹெட்போன் என்றால் இன்னும் மோசம், விரல் ஓரிடத்தில் இருக்க சத்தம் பின்னாலேயே ஓடிவரும்.

ஒரே அறையில் கைக்குழந்தை தூங்குகிறது, வாசிக்க வேறு இடமே இல்லை என்றால் மட்டும் கட்டை உடம்பை யோசியுங்கள்.

வாயைப் பொத்துவது

இதற்கு ஒரு பைசா செலவில்லை. பருத்தித் துணிதான் வேண்டும். நான் வைத்திருப்பது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டு, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனது. அதை நீளவாக்கில் மடித்து இரண்டு விரல் அகலப் பட்டையாக்குங்கள். குதிரைக்கு, அதாவது தந்தி கட்டியிருக்கும் கட்டைக்கு, ஒட்டினாற்போல் நாலு தந்திக்கும் அடியில் நுழையுங்கள். துணி தந்தியைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. தூக்கினால் சுருதி ஏறிவிடும். ஒரு தந்திக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று கூடை முடைவதுபோல் கோக்கவும் கூடாது.

இப்போது மீட்டினால் நீளும் நாதம் போய், ‘டும்’ என்று ஒரு குட்டை ஒலி வரும். சுரம் இருக்கும், வால் இருக்காது. துணியை அரை விரல் அளவு பெட்டியின் நடுத்துளையை நோக்கி நகர்த்தினால் சுரமும் போய் வெறும் ‘டக்’ மிஞ்சும். சுரம் கேட்கிற, ஆனால் நீளாத அந்த இடத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் கை தானாக அங்கே போகும். துணிக்குப் பதில் பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சின் மெத்துப் பகுதியை வெட்டியும் வைக்கலாம். அது வழுக்காது. பச்சை நிறச் சொரசொரப்பை மட்டும் நீக்கிவிடுங்கள், பலகையைக் கீறும்.

இன்னும் அடக்க வேண்டுமென்றால் துளைக்குள் ஒரு துணி. கீழ்ச்சத்தத்தில் பாதி அந்தத் துளை வழியாக மூச்சு விடுவதுதான். நான் ஒரு சாக்ஸைச் சுருட்டி வைத்தேன், மூன்றாம் நாள் உள்ளே விழுந்துவிட்டது. நாலு தந்தியையும் தளர்த்தி, இட்லித் துணி எடுக்கும் இடுக்கியை விட்டுத் துழாவி எடுத்தேன். தந்திகள் மறுபடி சுருதியில் நிற்க இரண்டு நாள் ஆனது. ஆகவே உள்ளே போகும் துணியில் ஒரு நூலைக் கட்டி நுனியை வெளியே விடுங்கள். திணிக்கவும் வேண்டாம், உள்ளே மெல்லிய தாங்கு சட்டங்கள் இருக்கின்றன.

கருவியை மேஜை மேலோ இரும்புக் கட்டில் சட்டத்திலோ சாய்த்து வாசிக்காதீர்கள். மேஜை இரண்டாவது பலகை ஆகிவிடும். மடியில், வயிற்றோடு அணைத்து, காலடியில் ஒரு மடித்த போர்வை. என் குதிகால் இன்னும் தாளம் போடுகிறது, போர்வை வாங்கிக்கொள்கிறது.

விரலும் பாடமும்

தந்தியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான பிக் வேண்டாம். நகமும் வேண்டாம். கட்டைவிரலின் சதையால், துளைக்கு மேலே இல்லாமல் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மீட்டுங்கள். அங்கே தந்தி இளகலாக இருக்கும், ஒலி மிருதுவாக வரும். குதிரைப் பக்கம் போகப் போகக் கூர்மை கூடும். தந்தி நைலான் வகையாகவே இருக்கட்டும். ஃப்ளோரோகார்பன் என்று மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று உண்டு, பளிச்சென்று ஒலிக்கும். பகலில் வாசிப்பவருக்கு அது. கிட்டாரின் ஸ்டீல் கம்பியை மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள், இழுவை தாங்காமல் குதிரை பெயர்ந்து வந்துவிடும். புதுத் தந்தி முதல் ஒரு வாரம் நீண்டுகொண்டே இருக்கும், தினமும் சுருதி இறங்கும். கருவியில் குறை என்று பதறாதீர்கள்.

இரவில் கார்டு பிடித்து (ஏ.டி.எம். கார்டு இல்லை, பல சுரம் ஒன்றாக ஒலிக்க விரல் வைப்பது) நாலு தந்தியையும் சேர்த்து அடிப்பதைவிடத் தனிச் சுரம் பழகுவது அமைதியானது. சங்கீத வகுப்புக்குப் போனவர்களுக்குச் சரளி வரிசை இருக்கவே இருக்கிறது. மாயாமாளவகௌளை இப்படி வரும்: ஸ தந்தி சும்மா, அதிலேயே முதல் ஃப்ரெட் ரி. க தந்தி சும்மா, முதல் ஃப்ரெட் ம, மூன்று ப, நாலு த. கடைசித் தந்தியில் இரண்டாவது ஃப்ரெட் நி, மூன்று மேல் ஸ. சங்கராபரணம் வேண்டுமென்றால் ரி-யை இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தி, த-வுக்குக் கடைசித் தந்தியைச் சும்மா மீட்டினால் போதும். அதில் ம, நி இரண்டையும் விட்டால் மோகனம். கமகத்துக்கு இந்தக் கருவி அவ்வளவாக வளையாது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

கார்டுகள் பகலுக்கு. ஸி மேஜருக்கு ஒரே விரல்: கடைசித் தந்தி, மூன்றாவது ஃப்ரெட். ஏ மைனருக்கும் ஒரே விரல்: மேல் தந்தி, இரண்டாவது ஃப்ரெட். அதோடு க தந்தியின் முதல் ஃப்ரெட்டையும் சேர்த்தால் எஃப். ஜி செவனுக்கு மூன்று விரல். ஸ தந்தியில் இரண்டு, க தந்தியில் ஒன்று, கடைசியில் இரண்டு. சத்தமே இல்லாமல் கார்டு மாற்றிப் பழகவும் வழி உண்டு. வலது கையை மடியில் வைத்துவிட்டு இடது கையை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். அண்ணன் ஒன்பது மணிக்கு இருமும் சத்தம்கூட எனக்குக் கேட்கும், நான் வாசிப்பது அவருக்குக் கேட்காது.

வெயில் பற்றி ஒரு வரி. அக்கினி நட்சத்திரத்தில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுவிட்டுப் போனால் பசை இளகிக் குதிரை கழன்றுவிடும். ஆணியில் அலங்காரமாக மாட்டாமல் பையில் போட்டு, வெயில் படாத சுவரோரம் வையுங்கள்.

துணியை எடுக்கும் நாள்

பொத்திய வாயோடேயே பழகினால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். துணி நல்லதைப்போலவே தப்பையும் மூடிவிடும். பக்கத்துத் தந்தியில் விரல் பட்டு அது ஊமையானது தெரியாது, ஃப்ரெட்டுக்குச் சரியாகப் பின்னால் அழுத்தாமல் ‘ஸ்ர்ர்’ என்று இரைவதும் தெரியாது. மூன்று வாரம் எல்லாம் சுத்தமாக வந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். துணியை எடுத்ததும் எஃப் கார்டில் ஒரு தந்தி செத்துக்கிடந்தது தெரிந்தது. வாரத்தில் ஒரு நாளாவது முழுக் குரலில் வாசித்துக் கேட்க வேண்டும்.

எனக்கு அது ஞாயிறு காலை பதினொரு மணி. குழாயடியில் குடங்கள் முட்டிக்கொண்டிருக்கும், ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடிக்கும், யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. அண்ணன் மார்க்கெட்டிலிருந்து வந்து, குளித்து, திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். போன வாரம் பேப்பரை இறக்கிவிட்டு, “அந்த ஸரிகமவையே எத்தனை நாளைக்கு? ஒரு பாட்டு வாசிங்களேன் தம்பி” என்றார். எஃப்-லிருந்து ஜி செவனுக்கு மாறும்போது கை இன்னும் தடுக்குகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.